கச்சானிலும் மாரியிலும் ஒரு சுருட்டுப் பெட்டி

எங்கள் பெத்தாவின் வெற்றிலை வட்டாவில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் அதைக் கிள்ளினால் தோல் மாதிரி இழுபடும், விரலில் பிசுபிசுக்கும். ஆனி, ஆடியில் அதே துண்டு தொட்டதும் நொறுங்கும். அப்போது பெத்தா விரலைத் தண்ணீரில் தோய்த்து இரண்டு துளி தெளிப்பார். பிறகு அதை வெற்றிலைக்கு நடுவே சொருகி வைப்பார். கொஞ்ச நேரத்தில் புகையிலை மறுபடியும் மடியத் தொடங்கும். சுருட்டை எப்படிப் பாதுகாப்பது என்று யாராவது கேட்டால் நான் அந்த வட்டாவில் இருந்துதான் தொடங்குவேன்.

சில வருடங்களுக்கு முன் கனடாவில் இருந்து வந்த மச்சான் எனக்கு இருபது நிக்கரகுவா சுருட்டும், அவற்றை வைக்க ஒரு சின்ன மரப்பெட்டியும் கொண்டுவந்தார். ஹியுமிடோர் என்று சொல்லும் ஈரப்பதப் பெட்டி அது. மூடியின் உட்பக்கம் ஒரு பஞ்சும், முன்பக்கம் முள் வைத்த ஈரமானியும் இருந்தன.

“இது காயக் கூடா மச்சான். கிழமைக்கு ஒருக்கா பஞ்ச நனைச்சு வை” என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியோடு வந்த தாளிலும் அதுவே எழுதியிருந்தது. அப்போது மார்கழி மாதம். மட்டக்களப்பில், எங்கள் கல்லடியில் விடாத மழை. நானும் சொன்னது சொன்னபடி கிழமை தவறாமல் நனைத்தேன். மூன்றாம் கிழமை திறந்தபோது பெட்டிக்குள் பழைய துணி வாடை. சுருட்டுகளின் நுனியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் மயிர்விட்டிருந்தது. பதினாறை எறிந்தேன். மனம் மிகவும் நொந்துபோனது.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. அது வேறோர் ஊர்க் காற்றுக்கு எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரு கன மீற்றர் காற்று 0 பாகை செல்சியசில் ஏறத்தாழ 4.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 பாகையில் 17.3 கிராம், 30 பாகையில் 30.4 கிராம், 35 பாகையில் 39.6 கிராம் என்று அந்தக் கொள்ளளவு கூடிக்கொண்டே போகும். தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவீதம் உண்மையில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன். கனடாவின் பனிக்காலத்தில் வெளியே இருக்கும் 0 பாகைக் காற்று முழுக்க நிரம்பியே இருந்தாலும், வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடேறினால் அதன் சாரீரப்பதன் 28 சதவீதம்தான். அந்த வீட்டில் சுருட்டு சருகாகிவிடும். அதனால் அங்கே ஈரப்பதப் பெட்டியின் ஒரே வேலை ஈரம் கொடுப்பது. மட்டக்களப்பு மாரியிலோ காற்றில் 85, 90 சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் நான் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன்.

சரி, நம்மூரில் சும்மா மேசையில் வைத்தால் போதாதா? போதாது. அதற்குக் காரணம் கச்சான். கொறிக்கும் கச்சானைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று கடலில் அள்ளிய நீரை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும். நீரை இழந்த அந்தக் காற்று மலை தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அமுக்கம் கூடி, ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் கிட்டத்தட்ட 10 பாகை சூடேறுகிறது. ஏறியபோது குளிர்ந்ததைவிட இறங்கும்போது கூடச் சூடாகிறது. ஆனி, ஆடியில் கடற்காற்றையே தள்ளிக்கொண்டு மட்டக்களப்புக்கு வரும் அந்த அனல்தான் கச்சான், பெத்தாவின் புகையிலையை நொறுக்கியதும் அதுதான். ஆகவே நம்முடைய பெட்டிக்கு வேலை இரண்டு. மாரியில் ஈரத்தை வாங்கவேண்டும், கச்சானில் கொடுக்கவேண்டும். புதிதாகச் சுருட்டு வாங்கும் நம்மூர்க்காரர் பலர் இதை அறியாமலே காசை இழக்கிறார்கள்.

சுருட்டு என்பது மூன்று அடுக்கு இலை. நடுவில் மடித்து அடுக்கிய உள்ளிலை, அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை, வெளியே மெல்லிய மேலிலை. (ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது நம் சுருட்டில் இருந்து போன சொல்தான்.) காய்ந்த இலையின் நார்ப்பொருளான செலுலோசு, நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. இலைக்குள் இருக்கும் நீர் எந்நேரமும் வெளியேறிக்கொண்டும், காற்றில் இருப்பது உள்ளே புகுந்துகொண்டும் இருக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் இலை நிலைக்கிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள காற்றின் சாரீரப்பதன். 65 சதவீதக் காற்றில் சுருட்டின் நிறையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீராக இருக்கும்.

அதற்குமேல் போனால் பற்றவைப்பதே பாடு. ஒரு கிராம் நீரை 30 பாகையில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 300 யூல் வெப்பம் போதும். அதையே ஆவியாக்க 2,260 யூல் வேண்டும். நெருப்பின் வலு முழுவதும் நீரை விரட்டுவதிலேயே போய்விட, சுருட்டு அடிக்கடி அணையும், புகை கசக்கும். காய்ந்தாலோ எதிர்மாறு. வேகமாகவும் சூடாகவும் எரியும். வாசனை எண்ணெய்களும் ஆவியாகிப் போயிருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. காய்ந்த சுருட்டைத் திடீரென்று ஈரத்தில் வைத்தால் மேலிலைக்குள் இருக்கும் உள்ளிலை வீங்கும். மேலிலை அந்த அளவுக்கு இழுபடாது, நெடுகப் பிளந்துவிடும். காய்ந்ததை மீட்கவேண்டுமானால் கிழமைக்கணக்கில், மெதுவாக.

இனி இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். 10 லீற்றர் கொள்ளும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 30 பாகையில், 65 சதவீதத்தில் அதன் காற்றில் இருக்கும் நீர் எவ்வளவு? ஒரு கன மீற்றரில் கிட்டத்தட்ட 20 கிராம் என்றால், 10 லீற்றரில் வெறும் 0.2 கிராம். நாலைந்து துளிதான். நடுத்தரச் சுருட்டு ஒன்று 12 கிராம் என்று வைத்தால், அதற்குள் இருப்பது 1.5 கிராம். அதாவது ஒற்றைச் சுருட்டு, பெட்டிக் காற்று முழுவதையும்விட ஏழு மடங்கு நீரை வைத்திருக்கிறது. இருபது சுருட்டென்றால் நூற்றைம்பது மடங்கு.

இதிலிருந்து பலதும் விளங்கும். ஒரு நிமிடம் மூடியைத் திறந்தால் முள் தடால் என்று மாறும். பயப்பட ஒன்றுமில்லை, மாறியது அந்த 0.2 கிராம் மட்டும்தான். சுருட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதேபோல், முள் 65க்கு வந்துவிட்டது என்பதற்காகச் சுருட்டும் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, அதன் நடுப்பகுதிக்கு நாட்கள் எடுக்கும். மாரியில் கடையில் வெளியே கிடந்த இரண்டு சுருட்டை வாங்கி வந்து அப்படியே உள்ளே போட்டால், அவை தம் நீரைப் பெட்டி முழுக்கப் பங்கிட்டுவிடும். நான் புதியவற்றை ஒரு கிழமை தனிப்பெட்டியில் வைத்த பிறகுதான் சேர்க்கிறேன். அப்புறம், கொஞ்சம் நிறைந்த பெட்டி வெறும் பெட்டியைவிட உறுதியானது. சுருட்டுகளே ஒன்றுக்கொன்று காவல். காற்று அசைய நாலில் ஒரு பங்கு இடம் மிஞ்சினால் போதும்.

ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் தெரிந்த பொருள் நம் குசினியிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். தூய சோடியம் குளோரைட்டு 75 சதவீதத்துக்கு மேலான காற்றில் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே போனால் நீரை விட்டுவிட்டுத் திரும்பவும் பளிங்காகும். கரையாத உப்பும் கரைசலும் ஒன்றாக இருக்கும்வரை, மூடிய பெட்டியின் காற்றை அது 75இலேயே பிடித்துவைத்திருக்கும். ஒவ்வோர் உப்புக்கும் ஒவ்வோர் எண் உண்டு: பொற்றாசியம் அயடைட்டுக்கு ஏறத்தாழ 69, மகனீசியம் குளோரைட்டுக்கு 33. கடலுப்பில் மகனீசியம் கலந்திருப்பதால்தான் கட்டியுப்பு, தூளுப்பைவிட முந்திக் கசிகிறது. சுருட்டுப் பெட்டிக்குள் போடுவதற்கென்று விற்கும் பொவேடா போன்ற சிறு பொதிகளுக்குள்ளும் இதே தத்துவம்தான். நீராவி மட்டும் போய்வரும் தாளுக்குள் 62, 65, 69, 72 என்று எண்ணுக்கேற்ற கரைசல் அடைத்திருக்கும். 60 கிராம் பொதி ஒன்று இருபத்தைந்து சுருட்டுக்குக் கணக்கு. மாரியில் அது வீங்கும், கச்சானில் மெலியும். முழுக்கக் கட்டியானால் மாற்றவேண்டும்.

எந்த எண்ணை எடுப்பது? குளிர்நாட்டு வழக்கம் 18 முதல் 21 பாகை வெப்பத்தில் 65 முதல் 70 சதவீதம். நம் வீடுகள் 28, 30 பாகை. அந்தச் சூட்டில் பூஞ்சணமும் பூச்சியும் விரைவாக வளரும் என்பதால் நான் 65க்கு மேல் போவதில்லை. 62 இன்னும் நிம்மதி.

முதலில் ஈரமானியைச் சோதியுங்கள், குறிப்பாக முள் வைத்ததை. போத்தல் மூடி ஒன்றில் தூளுப்பு நிரப்பி, ஈர மணல் மாதிரி வரும்வரை சில துளி நீர் விடுங்கள், கரையவிடாதீர்கள். ஈரமானியோடு சேர்த்து இறுக்கமான பையில் ஒரு நாள் வைத்தால் அது 75 காட்டவேண்டும். என்னுடையது 66 காட்டியது. அன்றிலிருந்து அது காட்டுவதோடு ஒன்பதைக் கூட்டிப் படிக்கிறேன். அந்த மார்கழியில் முள் 70 என்று நின்றபோது உள்ளே உண்மையில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள்!

பெட்டி எதுவாக இருக்கலாம் என்றால், புதிதாகத் தொடங்குபவருக்கு இறுக்க மூடும் பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிதான் என் தெரிவு. மரப்பெட்டி அழகு, ஆனால் மரமும் செலுலோசுதான். மாரியில் அலுமாரி இழுப்பறை இறுகி நிற்பதும் கோடையில் இடைவெளி விடுவதும் அதிலும் நடக்கும். பிளாஸ்ரிக்கை நன்றாகக் கழுவி, வாசனை போகும்வரை திறந்து வையுங்கள். ஸ்பானிய சீடர் பலகைத் துண்டு கிடைத்தால் ஒன்று போடலாம். அது உண்மையில் சீடர் இல்லை, நம் வேம்பின் குடும்பத்து மரம். பெட்டியை உள்ளறையில், வெயில் படாத அலுமாரியின் அடித்தட்டில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில் வேண்டாம். சாதாரணமாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கமும் சரியில்லை, அது காயவைக்கும், மீன் வாடையும் ஏற்றும்.

உறைநிலைப் பகுதிக்கு மட்டும் ஒரு வேலை உண்டு. புகையிலை வண்டு என்ற இரண்டு மூன்று மில்லிமீற்றர் செம்பழுப்புப் பூச்சி, மிளகாய், மஞ்சளையும் தின்னும் அதே வண்டு, இலைக்குள் முட்டையிடும். 20 பாகைக்குக் கீழே அது வளர்வது அரிது. 30 பாகையும் 70 சதவீதமும் அதற்குச் சொர்க்கம், முட்டையில் இருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம். அதாவது மட்டக்களப்பில் வருடம் முழுக்க அதற்குப் பருவம். மேலிலையில் குண்டூசித் துளையும் அடியில் மாத்தூளும் கண்டால் அதுதான். புதிய சுருட்டுகளை இரண்டு பைகளில் காற்றில்லாமல் கட்டி, ஒரு நாள் குளிர்ப்பகுதி, பிறகு மைனஸ் 18 பாகையில் நாலு நாள், மறுபடி ஒரு நாள் குளிர்ப்பகுதி, அதன் பிறகு வெளியே. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. நம்மூர்க் காற்று குளிர்ந்த இலையில் பனித்துளியாகப் படியும்.

வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இடம் சிறிதென்றால் இருபத்தைந்தின் பெட்டியை வாங்காதீர்கள். வெவ்வேறு வகையில் ஐந்து போதும். எது பிடிக்கும் என்று தெரியாமலே ஒரே வகையில் இருபத்தைந்து வைத்திருந்து என்ன செய்வது? இரண்டு விரலால் நெடுக மெல்ல அழுத்துங்கள். சீராக அமுங்கி எழவேண்டும். சரசரத்தால் காய்ந்தது, பஞ்சாக இருந்தால் ஈரம், இடையில் கல்மாதிரி இருந்தால் காற்று இழுபடாது. பருமன் அங்குலத்தில் 64இல் ஒரு பங்காகச் சொல்லப்படும், 50 என்றால் 20 மில்லிமீற்றர் அளவு. செலபேன் உறையைக் கழற்றவேண்டாம். அதுவும் செலுலோசு, நீராவி போய்வரும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். பெரிய சுருட்டு சிலவற்றில் ஒரு பெட்டி சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். எனக்கு மாதம் ஒன்று போதும், அதனால்தான் பெட்டியும் சின்னதாக இருக்கிறது.

போன மாதம் மச்சான் தொலைபேசியில், வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டார்.

“அஞ்சு சுருட்டுப் போதும் மச்சான். பெட்டி வேணாம். அறுபத்தஞ்சு எண் போட்ட பொதி ரெண்டு கொண்டு வா” என்றேன்.

“பஞ்சு?”

“அத நான் மாரியிலயே எறிஞ்சிட்டன்.”