ஸ்பெக்ட்ரம்: நிறமாலையா, நிறைமாலையா?

கிணற்று நீரில் ஈயமோ ஆர்சனிக்கோ எவ்வளவு என்று சொல்லும் ஆய்வறிக்கையில், அளந்த முறையாக ‘ஏஏஎஸ்’ (அட்டாமிக் அப்சார்ப்ஷன் ஸ்பெக்ட்ராஸ்கோபி) என்றோ ‘ஐசிபி-எம்எஸ்’ (இண்டக்டிவ்லி கப்பிள்டு பிளாஸ்மா மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) என்றோ குறித்திருப்பார்கள். இரண்டிலும் கடைசி ‘எஸ்’ ஸ்பெக்ட்ரம் என்ற சொல்லின் வழிவந்தது.

லத்தீனில் ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்த்தல். அதில் பிறந்த ‘ஸ்பெக்ட்ரம்’, தோற்றத்தையும் ஆவியுருவையும் குறித்தது. முப்பட்டகம் பிரித்துக் காட்டிய வண்ணப் பட்டைக்கு நியூட்டன் 1672இல் வெளியான கடிதத்தில் இச்சொல்லை ஆண்டார். தமிழில் அது நிறமாலை. மூலச்சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பார்த்து ஆக்கிய அழகான சொல்.

நிறம் என்பது இங்கே வெறும் அலங்காரமன்று. 1860இல் வேதியியலாளர் புன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் ஜெர்மனியின் டுர்க்ஹைம் ஊற்றுநீரில் அதுவரை யாரும் காணாத நீலக் கோடுகளைக் கண்டார்கள். சீசியம் என்ற புதிய உலோகம் அப்படித்தான் பிடிபட்டது. சூடேறிய அணு உமிழும் ஒளியைப் பார்ப்பது அவர்கள் வழி. 1950களில் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் அதைத் திருப்பிப் போட்டு, அணு விழுங்கும் ஒளியை அளக்கச் சொன்னார். ஏஏஎஸ் என்பது அதுவே. தமிழில் அணு உட்கவர் நிறமாலையியல். பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் உலோகம்தான். ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சுடர் வைத்த கருவி அவ்வளவில் தடுமாறும். கிராஃபைட் உலை வைத்தது தாங்கும்.

ஐசிபி-எம்எஸ் இன்னும் நுட்பமானது. பல உலோகங்களை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடும். ஆனால் அது பார்ப்பது நிறத்தை அல்ல. ஆர்கான் பிளாஸ்மாவில், அதாவது கடுஞ்சூட்டில் மின்னேறிய ஆர்கான் வாயுவில், அணுக்களை அயனிகளாக்கி, நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதப்படி பிரிக்கிறது. 1919இல் ஆஸ்டன் உருவாக்கிய கருவி ஒளிப்படத் தகட்டில் பதித்த கோடுகள் ஒளிக்கோடுகளை ஒத்திருந்ததால் ஸ்பெக்ட்ரம் என்ற பெயர் இங்கும் ஒட்டிக்கொண்டது. ‘மாஸ் ஸ்பெக்ட்ரம்’ எனும் அதைத் தமிழில் ‘நிறை நிறமாலை’ என்பது, இல்லாத நிறத்தை உள்ளே புகுத்துகிறது. ‘நிறைமாலை’ போதும் என்பேன்.

உப்பு மிகுந்த நீரில் ஆர்சனிக் தேடுபவருக்கு இந்த வேறுபாடு உடனே உறைக்கும். நிறையில் பிளாஸ்மாவின் ஆர்கான் 40, உப்பின் குளோரின் 35. இரண்டும் ஒட்டினால் 75. ஆர்சனிக்கின் நிறையும் அதே 75. ஆகவே கருவிக்குள் அயனிகள் வாயுவோடு மோதும் அறையான மோதல் கலத்தில் ஹீலியம் செலுத்தி அந்தப் போலியை வடிகட்டாவிட்டால், இல்லாத ஆர்சனிக்கும் அறிக்கையில் ஏறிவிடும்.