காணாமல் போன சிப்பாய் எந்த வழியாகப் போனார்? டவர் சொல்வதும் சொல்லாததும்

இரவு முகாமிலிருந்து வெளியே போன இளம் சிப்பாய் ஒருவர் காலை ரோல்காலுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விசாரணையில் முதலில் கேட்கப்படுவது அவருடைய டவர் லொகேஷன். சினிமாவில் என்றால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்து போகும். நிஜத்தில் கைக்கு வருவது ஒரு வறட்டுப் பட்டியல்: இத்தனை மணிக்கு, இந்த டவரின் இந்த ஆன்டெனாவோடு அவருடைய போன் தொடர்பில் இருந்தது.

ஒரு டவரில் பெரும்பாலும் மூன்று பக்கம் பார்த்து ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பங்கும் சுமார் 120 டிகிரி. எந்த ஆன்டெனா என்று தெரிந்தால் திசை தெரிந்துவிடும். தூரம்? போனின் சிக்னல் டவருக்கு வந்துசேர ஆகும் நேரத்தை நெட்வொர்க் அளக்கிறது. இல்லாவிட்டால் ஒருவர் சிக்னல் இன்னொருவர் சிக்னல்மேல் ஏறிவிடும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். அதை வைத்து 2ஜி-யில் சுமார் 550 மீட்டர் படிகளாகவும், 4ஜி-யில் சுமார் 78 மீட்டர் படிகளாகவும் தூரம் கிடைக்கும். ஆனால் இந்த அளவு எப்போதும் சேமித்து வைக்கப்படுவதில்லை. இருந்தால், திசையும் தூரமும் சேர்ந்து வரைபடத்தில் வளைந்த பட்டை ஒன்று விழும். போன் அதற்குள் எங்கோ இருந்தது. போன் அவர் கையில்தான் இருந்தது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

பக்கத்து டவரைத்தான் போன் பிடிக்கும் என்றும் இல்லை. நடுவில் மேடு குறுக்கிட்டால், ஏரிக்கு அக்கரையில் இருக்கும் டவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சோதனைக் கருவியோடு அந்தத் தெருக்களிலேயே சுற்றி, எங்கே எந்த டவர் எடுக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள்.

பட்டைகளைக் கோக்கும் நூல் நேரம்தான். 3.10-க்கு ஒரு பட்டை, 3.40-க்கு 20 கி.மீ. தள்ளி இன்னொன்று என்றால் மணிக்கு 40 கி.மீ. வேகம். எவ்வளவு பயிற்சி எடுத்த சிப்பாயும் அப்படி ஓட முடியாது; ஏதோ வண்டி. சரி, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போன வண்டிகள் எவை? இதற்கு சிசிடிவி வேண்டும். அதைப் பார்க்கும் முன் கேமராவின் கடிகாரத்தைச் சரியான நேரத்தோடு ஒப்பிட வேண்டும். பல கடைகளில் அது தப்பாகத்தான் ஓடும். ஏழு நிமிடம் பிசகினால், அதே வேகத்தில் நாலரை கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும்.

கடைசிப் பதிவும் பேசும். போனை முறையாக அணைத்தால், வழக்கமாக நெட்வொர்க்குக்கு 'விலகுகிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். நசுங்கினாலோ, தண்ணீரில் விழுந்தாலோ, சிக்னல் இல்லாத பள்ளத்துக்குள் போனாலோ அந்தச் செய்தி வராது.

அப்புறம்தான் ஆட்கள் இறங்கித் தேடுவது. 1968-இல் 99 பேரோடு மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஸ்கார்ப்பியனைத் தேட, கடற்படை விஞ்ஞானி ஜான் கிரேவன் தலைமையில் கையாண்ட கணக்கு இங்கேயும் உதவும். பட்டையின் வடபாதியில் இருக்க 60% வாய்ப்பு, தென்பாதியில் 40% என்று கொள்வோம். வடபாதியைத் தேடுகிறார்கள், அங்கே இருந்தால் கண்ணில் பட 80% வாய்ப்பு. கிடைக்கவில்லை. 60-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12, மிச்சம். தென்பாதியின் 40 அப்படியே. ஆக மொத்தம் 52-இல் வடபாதியின் பங்கு 12, சுமார் 23%. இதுவே புதர் மண்டிய இடமாகி, கண்ணில் பட 30% வாய்ப்புத்தான் என்றால்? மிச்சம் 42, மொத்தம் 82-இல் அது 51%. தேடி முடித்த பிறகும் வடபாதிதான் முன்னால் நிற்கிறது. 'அங்கேதான் போன வாரமே பார்த்தாச்சே' என்று வீட்டார் கேட்கும்போதும், குழு அதே புதருக்குள் மறுபடி இறங்குவது இந்தக் கணக்கால்தான்.