காருக்குள் சேணம் எப்படி வந்தது?

"பழைய சேணத்தை அகற்றிய பின், புதிய சேணத்தைத் தீச்சுவர் வழியாகச் செலுத்தவும்."

பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றுக்கு வீட்டிலேயே முழு வயரிங்கையும் புதிதாகப் போட உட்கார்ந்தபோது, கையில் இருந்த தமிழ்க் குறிப்பில் இப்படித்தான் இருந்தது. (தீச்சுவர் என்றது, இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டை.) படத்துக்குக் கீழேயும் சேணம், உதிரிபாகப் பட்டியலிலும் சேணம். வீடியோக்களின் தமிழ் வரிகளில் முன்பே பல முறை பார்த்து, போகட்டும் என்று விட்டிருக்கிறேன். இந்த முறை விட மனம் வரவில்லை. மூலத்தில் வயரிங் ஹார்னஸ் என்று இருந்திருக்கும். அகராதியில் ஹார்னஸுக்கு எதிரே சேணம் என்று இருக்கும். எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். காரில் வயர்கள் ஒவ்வொன்றாகத் தனியே ஓடுவதில்லை. ஃபியூஸ் பெட்டி, ஸ்விட்சுகள், விளக்குகள், ஹார்ன், வைப்பர் என எல்லாவற்றுக்கும் போக வேண்டிய வயர்களை அளந்து வெட்டி, ஒரே தண்டாகச் சேர்த்துச் சுற்றி, போகும் வழியில் வேண்டிய இடங்களில் கிளை பிரித்து, ஒவ்வொரு முனையிலும் டெர்மினல் அழுத்தி வைத்தால் கிடைக்கும் முழு உருப்படிதான் ஹார்னஸ். காருக்கு வெளியே பலகையில் வைத்தே செய்து முடிக்கலாம். அப்புறம் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்த வேண்டியதுதான். ஒர்க்‌ஷாப்பில் வயரிங் செட் என்பார்கள்.

ஹார்னஸ் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் படைவீரனின் கவசம், தளவாடம் என்று பொருள். பிறகு குதிரையை வண்டியில் பூட்டும் வார்களுக்கு ஆகி, பாராசூட்டில் உடம்பைப் பிடிக்கும் பட்டைகளுக்கும் காரின் வயர்களுக்கும் வந்து சேர்ந்தது. பல துண்டுகள் ஒன்றாகப் பிணைந்த தொகுதி என்ற கருத்துதான் எல்லாவற்றுக்கும் பொது.

சரி, சேணம்? குதிரையின் முதுகில், ஏறுபவர் உட்காருவதற்காகப் போடுவது. வண்டி இழுக்கும் குதிரைக்கு வேண்டியது வாரும் பட்டையும். ஆகவே குதிரை விஷயத்திலேயே ஹார்னஸுக்குச் சேணம் என்பது பாதிதான் சரி. மாட்டு வண்டியில் காளையின் கழுத்தை நுகத்தடியோடு பிணைப்பது பூட்டாங்கயிறு. கருத்தளவில் அது சேணத்தைவிட ஹார்னஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உயரத்தில் வேலை செய்பவர் அணிவதையும் "பாதுகாப்புச் சேணம்" என்கிறார்கள். ஒரு தொழிலாளியின் உடம்பில் சேணத்தைப் பூட்டுகிறோமே என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லையா? பாதுகாப்பு வார் என்றால் எல்லோருக்கும் புரியும்.

காருக்கு வந்தால் அந்தப் பாதியும் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் ஹார்னஸ் என்று கேட்பவருக்குக் குதிரைதான் நினைவுக்கு வரவேண்டும் என்பதில்லை. அந்தச் சொல் குதிரையை விட்டு வெளியே வந்து வெகுகாலம் ஆகிறது. தமிழில் சேணம் குதிரையை விட்டு ஓர் அடி நகரவில்லை. "சேணத்தில் வெள்ளை வயரைத் தேடுங்கள்" என்ற வரியைப் படிக்கிறவர், சீட்டுக்கு அடியில் தேடினால் அவர்மேல் என்ன குற்றம்? ஒரு சொல் இன்னொரு மொழியில் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் நம் சொல்லையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது மொழிபெயர்ப்பு ஆகாது. அந்தப் பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு, தமிழில் இதை எப்படிச் சொல்வோம் என்று கேட்க வேண்டும். பார்க்காமல் எழுதியதுதான் இதில் எனக்குக் கோபம்.

இதற்குத் தம்பி ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் ஹார்னஸை லூம் என்றும் சொல்வார்கள். அதைத் "தறி" என்று எழுதியதையும் பார்த்துவிட்டேன். பழங்கால ஹார்னஸ்களுக்கு மேலே பருத்தி நூலில் நெய்த உறை இருந்தது உண்மைதான். அதற்காக அந்த உறைக்குள் கிடக்கும் வயரைத் தறி என்று சொல்லிவிட முடியுமா?

மறுத்தால் மட்டும் போதாது, மாற்று சொல்ல வேண்டும். வடம் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது கேபிளுக்கு உரியது. தேர்வடம் போல ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடிவது வடம். ஹார்னஸுக்கு முனைகள் எத்தனையோ. பின்னல் என்றால் கம்பி வலையோ என்று குழப்பம் வரும். உள்ளே வயர்கள் பின்னிக்கொள்வதும் இல்லை, பக்கம் பக்கமாகத்தான் படுத்திருக்கின்றன. கற்றை ஓரளவு பொருந்தும். ஆனால் முடிக்கற்றை, ஒளிக்கற்றை என்னும்போது எல்லா இழையும் ஒரே பக்கம் போகிறது. கிளை பிரிவது அந்தச் சொல்லில் இல்லை.

கொத்தில் அது இருக்கிறது. பூங்கொத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டு உண்டு, தண்டிலிருந்து கிளை, கிளையின் நுனியில் காம்பு, காம்பில் பூ. ஹார்னஸை அப்படியே வரைந்த மாதிரி இருக்கிறது. அதனால் கம்பிக்கொத்து என்பதே என் தேர்வு. கம்பி என்றால் தெருவில் போகும் மின்கம்பியோ, ஜன்னல் கம்பியோ என்று தோன்றுபவர்கள் வயர்க்கொத்து என்று எழுதட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தூய தமிழில் தவறாகச் சொல்வதைவிட, பாதி கடன் வாங்கிச் சரியாகச் சொல்வது எவ்வளவோ மேல். மீட்டர்கள் சேர்ந்திருக்கும் கிளஸ்டரையும் கொத்து என்பார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு அளவிப் பலகை போதும்.

வேலை செய்யும்போது இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பிடிபட்டது. பழைய கொத்தை வெட்டாமல் முழுதாகக் கழற்றி, பிளைவுட் பலகையில் விரித்து, வளைவிலும் கிளையிலும் ஆணி அடித்து, அதே தடத்தில் புது வயர்களைப் போட்டுக்கொண்டு வந்தேன். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிற முறையில் பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு. இக்னிஷன் ஸ்விட்சைத் தாண்டினால் வெள்ளை. அந்த வெள்ளை ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. எர்த் கறுப்பு. எந்த வயர் எந்தக் கிளையில் பிறந்தது என்று நிறமே சொல்லிவிடும். இதைச் சேணம் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வார்?

இதே அலட்சியம் இன்னொரு சொல்லில் ஆபத்தாகவே இருக்கிறது. கார் தீப்பிடித்தால் செய்தியில் "மின்கசிவு காரணமாக" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்ல வருவது ஷார்ட் சர்க்யூட். கசிவு என்பது வேறு. ராத்திரி முழுவதும் எங்கோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் போய், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறதே, அது கசிவு. மல்டிமீட்டரைப் பேட்டரியோடு தொடராக வைத்தால் மில்லி ஆம்பியரில் தெரியும். உறை தேய்ந்த வயர் பாடியில் பட்டு, விளக்கு, மோட்டார் எதற்குள்ளும் போகாமல் கரண்ட் குறுக்கே திரும்பிவிடுவது குறுக்குச்சுற்று, அதாவது ஷார்ட் சர்க்யூட். அப்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வயர் பழுத்துவிடும். மோரிஸ் மைனரில் இருந்தவை இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட் வயர்களுக்கு ஃபியூஸே கிடையாது. புதுக் கொத்தில் ஹெட்லைட்டுக்குத் தனி ஃபியூஸ் வைத்தது கசிவுக்குப் பயந்து அல்ல. கசிவை ஃபியூஸ் தடுக்கவே தடுக்காது, அந்தச் சின்ன கரண்டுக்கு அது உருகாது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் படிப்பவர் தவறான இடத்தில் தவறான மருந்தைப் போடுவார். உருகி என்று ஃபியூஸுக்கு இவ்வளவு அழகான சொல் அமைத்த மொழியில் இந்தக் குழப்பம் இருக்க வேண்டியதே இல்லை.

குறிப்பில் இருந்த அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "பழைய கம்பிக்கொத்தை எடுத்த பின், புதுக் கொத்தின் தண்டை இன்ஜின் தடுப்புத் தகட்டில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே விடவும். ரப்பர் வளையத்தை முதலிலேயே கோத்துக்கொள்ளவும்."