குட்டை எண்ணெயும் 'ரசாயனம் இல்லை' என்ற பேச்சும்

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா வட்டாரம் நம் ஆட்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டம் 1917இல் தொடங்கியது இங்கேதான். செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது: "ஆலைக் கழிவுக் குட்டையில் மிதக்கும் எண்ணெயை கார்பன் டை ஆக்சைடு வைத்துப் பிரித்தால் ரசாயனமே இல்லையாமே, அப்படியென்றால் சாப்பிடலாமா?"

கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது சூப்பர்கிரிட்டிகல் நிலைக்கு வந்துவிடும். வாயு மாதிரி சிறு இடுக்குகளில் நுழையும்; திரவம் மாதிரி எண்ணெயைக் கரைக்கும். அப்புறம் அழுத்தத்தை இறக்கினால் வாயு பிரிந்துபோய், கரைந்தது மட்டும் தங்கும். எண்ணெய் பிரிக்கப் பயன்படும் ஹெக்சேன் என்ற கரைப்பான் போலத் தீப்பிடிக்காது, எச்சமும் விடாது. காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை எடுப்பதும் இதே முறையில்தான். எண்ணெய் உடைந்து பிரியும் தனிக் கொழுப்பு அமிலங்கள் முழு எண்ணெயைவிடச் சுலபமாகக் கரைவதால், அழுத்தத்தைப் பார்த்து வைத்தால் அவற்றை முதலில் எடுத்துவிடலாம். அருமையான முறை, எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அது நல்லது கெட்டது பார்த்துக் கரைப்பதில்லை. பழம் அடிபட்ட உடனே அதிலுள்ள லைபேஸ் நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கத் தொடங்குகிறது. பழத்தைப் பிழிந்து எடுக்கும் கச்சாச் செம்பனை எண்ணெயிலேயே இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பார்க்கிறோம். குட்டையில் வெயிலிலும் சேற்றிலும் கிடந்த எண்ணெயில் அது பல மடங்கு. காற்றுபட்டுக் கெட்டுப்போன பொருள்களும், இயந்திரங்களிலிருந்து ஒழுகிய மசகு எண்ணெயும் அதில் கலந்திருக்கலாம். அமிலத்தை முதலில் எடுத்தாலும், மற்றவை எண்ணெயோடு சேர்ந்து கரைந்து வரும். சோப்புக்குப் போகட்டும், சரி. சமையலுக்கும் வேண்டாம், கோழித் தீவனத்துக்கும் வேண்டாம்.

இந்த முறைக்கு ஏற்ற கழிவு வேறு இருக்கிறது: பிழிந்த சக்கை நார். உலர்ந்த நாரில் 5, 6 விழுக்காடு எண்ணெய் மிஞ்சும். கச்சா எண்ணெயில் கரோட்டின் என்ற செம்மஞ்சள் நிறச் சத்து 500 முதல் 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்றால், இந்த மிச்ச எண்ணெயில் 4000க்கும் மேல். இந்த நாரைத்தான் கொதிகலனில் போட்டு எரிக்கிறோம். எண்ணெயை எடுத்த பிறகும் அந்த நார் எரியும் என்பதால் எனக்கு மனசு ஆறவில்லை. கருவியின் விலைதான் தடை.

பட்டறையில் குழாயை வெல்டிங் செய்து இதை முயன்று பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தை அந்த வெல்டிங் தாங்காது. கசியும் வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை; காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். அறைக் காற்றில் 10 விழுக்காடு சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே மயங்கி விழுவீர்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் செய்யுங்கள். அங்கேயும் வாயு உணரியைத் தரைக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.