சிங்க்ஹோலுக்குப் புதைகுழி ஆகாது

எங்கோ ஒரு நாட்டில் நடுரோடு இடிந்து கார் உள்ளே போய்விட்டது. ஆங்கிலத்தில் சிங்க்ஹோல் எனப்படும் அதை டிவியில் 'ராட்சதப் புதைகுழி' என்று வாசித்தார்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டார்: "அங்கன யாரைப்பா பொதைச்சிருந்தாக?"

அவர் கேட்டது நியாயம். இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பொறுமை போய்விட்டது.

சிங்க்ஹோல் என்பது ஆங்கிலத்தில் முதலில் கழிவுநீர் இறங்கும் குழி. நிலவியலுக்குள் அந்தச் சொல் பிறகுதான் வந்தது. அதற்கே வழங்கும் டோலின் என்ற பெயர், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல். வேர் அவ்வளவுதான்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கிச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. அடியில் பொந்து பெரிதாகிக்கொண்டே போக, ஒருநாள் மேல்தளம் பாரம் தாங்காமல் விழுகிறது. சாக்கடல் கரையில் இப்படிக் கரைவது உப்புப் படிவம். சீனாவின் சியாவோசாய் பள்ளம் 500 மீட்டருக்கும் மேல் ஆழம். இதில் எதையும் யாரும் தோண்டவில்லை, எதையும் புதைக்கவில்லை.

புதைமணல் என்கிறோமே, அதுபோலத்தானே என்று சிலர் வாதாடுவார்கள். இல்லை. புதைமணலில் மணல் இருந்த இடத்தில் இருக்கும். கால் வைத்தவன்தான் புதைவான். இங்கே போவது தரையே. அதோடு, ஈழத்துச் செய்திகளில் மனிதப் புதைகுழி என்று படிக்கிறோம். கொன்று புதைக்கப்பட்டவர்களின் எலும்பு கிடக்கும் இடத்துக்கு உரிய சொல்லை, மழைநீர் அரித்த பள்ளத்துக்கும் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிலர் எழுதும் 'மூழ்குதுளை' இன்னும் மோசம். நீரில் படகு மூழ்கும். நிலம் எதில் மூழ்கும்? அகராதியில் 'சிங்க்' என்பதற்கு முதலில் கண்ட அர்த்தத்தை எடுத்து ஒட்டிவிட்டு மொழிபெயர்ப்பு என்கிறார்கள். நிலத்தில் அது நடக்கும் விதத்தைப் பார்ப்பதே இல்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'அவல்' என்றார். புறநானூறு 187இல் ஔவையார் பள்ளத்தை அவல் என்றும் மேட்டை மிசை என்றும் பாடியிருப்பது உண்மை. அருமையான சொல். ஆனால் இன்று 'சாலையில் அவல்' என்று எழுதினால் மூட்டை கொட்டிவிட்டது என்றுதான் படிப்பார்கள். தூய்மையைவிடத் தெளிவு எனக்கு முக்கியம்.

எங்கள் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். ஆனாலும் மூடிய பழங்கிணறு மழையில் இறங்கினால் "தரை உள்வாங்கிருச்சு" என்பார்கள். உள்வாங்கு பள்ளம்: இதற்கு மேல் என்ன வேண்டும்? கடலும் உள்வாங்கும்தான், பள்ளம் என்று சேர்த்த பிறகு குழப்பம் வராது. குழாய் உடைந்து ரோடு இறங்கியதற்கு அதுகூட வேண்டாம், பள்ளம் என்றாலே போதும்.