எள்ளலைக் கேலி என்று சொல்லாதீர்கள்

"வீட்ல சும்மா கேலி பண்ணுவாங்க மேடம், வேற ஒண்ணும் இல்ல."

திக்கிப் பேசும் குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துவரும் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது இது. அந்தக் கேலி எப்படி இருக்கும் என்று கேட்பேன். சித்தப்பாவோ மாமாவோ குழந்தை திக்குவதைப் போலவே பேசிக் காட்டுவார், வீடே சிரிக்கும்.

மாமன் மச்சான் கேலியில் இவர் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். இங்கே சிரிப்புக்கு ஆளாவதே குழந்தையின் பேச்சு. எதைக்கொண்டு அது பதில் சொல்லும்? இதற்குத் தமிழில் எள்ளல் என்று தனிச்சொல் இருக்கிறது. நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்காகச் சொல்லும் தொல்காப்பியம் இதைத்தான் முதலில் வைக்கிறது. ஒருவரைத் தாழ்வாக எண்ணிச் சிரிப்பது. 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்ற குறளிலும் இதே சொல்தான். பேச்சில் நாம் இளக்காரம், பழிப்புக் காட்டுவது என்கிறோம்.

என்னிடம் வந்த ஏழு வயதுப் பையன் 'தண்ணி' என்று சொல்லவே மாட்டான். "குடிக்கணும்" என்பான். வீட்டில் எல்லோரும் பழிப்புக் காட்டியது அந்தச் சொல்லை வைத்துத்தான். தங்கையின் பெயரும் 'த'வில் தொடங்கும். அவளைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டான். திக்கல் குறைந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அவனோ சொல்லை மாற்றி மாற்றித் தப்பித்துக்கொண்டிருந்தான்.

எள்ளலால் திக்கல் வருவதில்லை. மரபுக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பல குழந்தைகளுக்குத் தானாகவே நின்றும்விடும். ஆனால் எள்ளல் அதனுடன் பயத்தைச் சேர்த்துவிடுகிறது. கண்ணைச் சிமிட்டி, காலைத் தட்டிச் சொல்லை வெளியே தள்ளப் பார்ப்பார்கள். அப்புறம் வகுப்பில் கை தூக்குவதையே விட்டுவிடுவார்கள். பயிற்சியில் எனக்கு அதிக நாள் பிடிப்பது இந்தப் பயத்தைக் கரைப்பதற்குத்தான்.

"மெதுவாப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். பழிப்புக் காட்டுபவர் வீட்டுக்குப் பெரியவராகவே இருந்தாலும், குழந்தையின் கண்முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் பையனின் அம்மா தன் அண்ணனிடம் அப்படித்தான் சொன்னார். சில மாதம் கழித்து, பயிற்சியின் நடுவே அவன் என்னைப் பார்த்து, "த... த... தண்ணி வேணும்" என்றான். முழுச் சொல்லும் வரும்வரை காத்திருந்து எடுத்துக் கொடுத்தேன்.