வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன் வங்கிக்கும் ஒரு நடை

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட், விசா, மருத்துவச் சோதனை என்று அலைகிற அலைச்சலில் வங்கியை மறந்துவிடுகிறார்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-இன்படி, வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்புகிறவர் அன்றிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவர். டீக்கடையில் சொல்லப்படும் 182 நாள் கணக்கு வருமான வரிக்குப் பார்ப்பது; வேலைக்காகக் கிளம்புகிறவர் விஷயத்தில் அதை இங்கே போட்டுக் குழப்ப வேண்டாம். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நீங்கள் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தன் இந்திய வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்காக, மாற்றியாக வேண்டும். அது தானாக மாறாது. விசா நகலோடு போய் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அங்கே சம்பாதிக்கும் பணத்துக்கு என்.ஆர்.இ. என்று தனிக் கணக்கு உண்டு. பணம் ரூபாயாகத்தான் இருக்கும். ஆனால் அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. வைப்புத்தொகை போட்டால் குறைந்தது ஓராண்டு விட்டுவையுங்கள். அதற்குள் உடைத்தால் வட்டியே வராது.

காவேரிப்பட்டினத்துப் பக்கம் ஒருவருக்கு மாந்தோப்பு இருக்கிறது, அவர் துபாயில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோப்பின் குத்தகைப் பணம் இந்தியாவில் விளைந்தது. அது வழக்கமாக என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் போகும். அங்கே கிடக்கும் பணத்தின் வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ் என்னும் மேல்வரியும் பிடித்துக்கொண்டுதான் வங்கி வரவு வைக்கும்: பத்தாயிரம் ரூபாய் வட்டிக்கு 3,120 ரூபாய் போய்விடும். அமீரகத்தில் வசிக்கிறவர் அந்த நாட்டு வரி வசிப்பிடச் சான்றிதழைக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி இது 12.5 சதவீதமாகக் குறையும். இந்தச் சான்றிதழ் விஷயத்தை வங்கியில் நாமே கேட்டால்தான் உண்டு. என்.ஆர்.ஓ.விலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் எடுக்க நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரம்பு. நம்மில் பெரும்பாலோருக்கு அது ஒரு தடையே இல்லை, அதற்கான வரிப் படிவங்கள்தான் தலைவலி.

அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கே மாதாமாதம் அனுப்பலாமா? தாராளமாக. பெற்ற பிள்ளை கொடுக்கும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அனுப்பிய பிறகு அது சட்டப்படி அவருடைய பணம். வீட்டுச் செலவுக்கு மட்டும் அங்கே அனுப்பிவிட்டு, சேமிப்பை உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் வைப்பதே புத்திசாலித்தனம் என்பேன். அந்தக் கணக்கில் நெருங்கிய உறவினரை இணைப்பெயராகச் சேர்க்கலாம். நீங்கள் உயிரோடிருக்கும்வரை அவர் உங்கள் அதிகாரக் கடிதத்தின்பேரில் உள்ளூர்ச் செலவுக்கு எடுப்பவர் மட்டுமே.

நம் மாவட்டங்களில் அதிகம் சிக்கல் வருவது நிலத்தில். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. கொடையாகவும் பெற முடியாது. அரூரில் இருக்கும் அப்பா, சவுதியில் இருக்கும் மகன் பெயருக்குப் புன்செய் நிலத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிவைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் தன் வாழ்நாள் உரிமையை வைத்துக்கொள்ளாமல் எழுதினால் அது கொடை, சட்டம் அதை ஏற்காது. உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வந்தால் தடையில்லை. கிளம்பும் முன்பே உங்கள் பெயரில் இருந்த நிலமும் உங்களுடையதுதான். விற்கும்போது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்க வேண்டும்.

உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே சட்டவிரோதமாகக் கைமாற்றுகிற ஹவாலா வழியில், பணம் அனுப்பினால் ரேட் கூடுதலாகக் கிடைக்கும் என்று அறைத்தோழர் சொல்வார். பணம் வராவிட்டால் கேட்க நாதி கிடையாது, ரசீதும் இல்லை. அகப்பட்டால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். நேர்வழியில் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஆயிரம் திர்ஹாமுக்கு ஊரில் எத்தனை ரூபாய் வந்து விழுகிறது என்று கேட்டு ஒப்பிடுங்கள். கட்டணமே இல்லை என்கிறவர் மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்.

ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் ஓ.டி.பி. வராது, கணக்கு பூட்டிய பெட்டிதான். வெளிநாட்டு எண்ணையே வங்கியில் பதிந்துகொள்ளலாம். சிங்கப்பூர், அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் உள்ளிட்ட நாடுகளின் எண்களோடு யு.பி.ஐ. பயன்படுத்தவும் 2023-இல் அனுமதி வந்துவிட்டது.

வேலை முடிந்து நிரந்தரமாகத் திரும்பும்போது அங்குள்ள கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்து, கணக்கை மூடியதற்கு எழுத்தில் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வந்ததும் மறுபடி வங்கிக்குப் போய் உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கான வரிவிலக்கும் அத்தோடு தீர்ந்தது. டாலரில் போட்டிருந்த எஃப்.சி.என்.ஆர். வைப்புத்தொகை மட்டும் ஒப்புக்கொண்ட வட்டியோடு முதிர்வு நாள் வரை ஓடலாம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448.